காடு எங்கே ஓடிவிடப் போகிறது

“கெரேலி நீரு இதெயா, லட்சுமம்மா?” என்று தியோடர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரிசீவர் அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுங்கியிருக்கிறது. ஒரு கை மீட்டரின் மேல் படிந்த தூசியைத் துடைக்கிறது; இன்னொரு கை, கண்ணாடிக்கு வெளியே காத்திருக்கும் எங்களைப் பார்த்து ‘இதோ, இதோ’ என்கிறது. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்ற இந்த விசாரணை லிங்கராஜபுரத்திலிருந்து நாகரஹொளே காட்டுக்குள் இருக்கும் ஓர் ஓய்வு விடுதிக்குப் போகிறது. மறுமுனையில் இருப்பவர் அந்த விடுதியின் சமையல்கார அம்மாள். வெளியே நிற்கிற நாங்கள் ஊருக்குப் பேச வந்தவர்கள். எனக்கு வாணியம்பாடி, எனக்கு முன்னால் நிற்கும் அம்மாளுக்குக் கோலார் தங்கவயல். ஆனால் மாசி பிறந்துவிட்டால் இந்த எஸ்.டி.டி. பூத்தில் முதல் உரிமை காட்டுக்குத்தான்.

தியோடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மீசைக்கு மட்டும் மை அடிப்பார், தலைக்கு இல்லை. ஆண்கள் எல்லாரும் அவருக்கு ‘பிரதர்’, பெண்கள் எல்லாரும் ‘சிஸ்டர்’. ஒரு தொழிற்சாலை கதவை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் இந்த பூத்தை ஆரம்பித்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு போன், மேஜைமேல் உள்ளூர் பேசுவதற்கு ஒரு போன், கூண்டின் உச்சியில் ஒரு குட்டி ஃபேன். அந்த ஃபேன்தான் அவருடைய பெருமை. எந்த நேரமும் ஓடும், எவர் கேட்டாலும் நிறுத்த மாட்டார். “ஃபேன் ஓடினாத்தான் பிரதர் வெளிய நிக்கறவங்களுக்கு உங்க குடும்ப மேட்டர் கேக்காது” என்பார். ஃபேன் போடும் இரைச்சலில் எதிர்முனை கேட்காமல் நாங்கள் கத்திக் கத்திப் பேசுவோம். அதனால் யார் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், யார் மாமனாருக்கு மூலம் என்பதெல்லாம் தெருமுனை வரைக்கும் தெரியும்.

வசந்தம் என்று ஒரு பருவம் உண்டு என்பதை நான் பெங்களூருக்கு வந்துதான் நம்பினேன். எங்கள் ஊரில் பனி முடிந்தால் வெயில், அவ்வளவுதான். இங்கே பிப்ரவரி கடைசியில் கோல்ஸ் பார்க் பக்கம் சில மரங்கள் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு உடம்பு முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே தியோடர் பீரோவிலிருந்து காக்கித் தொப்பியை எடுத்து, தட்டி, பூத்தின் ஆணியில் மாட்டிவிடுவார். அது மாட்டப்பட்டால் அவர் பாஷையில் ‘ஸ்பிரிங் சீசன்’ தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த வருடம் எந்தத் தேசியப் பூங்காவுக்குப் போவது என்ற ஆலோசனை அன்று ஆரம்பமாகும். பூத் திறந்த வருடத்திலிருந்து இது தவறாமல் நடக்கிறது. தவறாமல் நடக்காமல் போவது ஒன்றே ஒன்றுதான், பயணம்.

காட்டுக்குப் போக வசந்தமே சரியான காலம் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இலை கொட்டியிருக்கும், பின்னால் நிற்பது தெரியும். குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எல்லா மிருகமும் வந்தே தீரவேண்டும். இந்த அளவுக்கு விஷயம் சுலபமாக இருப்பதுதான் அவருக்குப் பிடிப்பதில்லை. எந்தக் காடு என்று கேட்டால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார். பந்திப்பூர் ஆகாது, ஊட்டி பஸ்ஸெல்லாம் நடுவில் போகிறது, அங்கிருக்கும் மான் கையைக் காட்டி வண்டியை நிறுத்தும். தேக்கடியில் படகில் ஏற்றுவார்கள், தனக்கு நீச்சல் தெரியாது. நாகரஹொளேயில் மார்ச் மாதம் உண்ணி அதிகம், சாக்ஸுக்குள் புகுந்துவிடும். பன்னேர்கட்டா பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சிட்டி பஸ் போற எடத்துல இருந்தா அது புலி இல்ல பிரதர். கவர்மெண்ட் ஸ்டாஃப்.”

முதுமலைமேல் அவருக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் வைத்திருக்கிறார். பந்திப்பூரும் முதுமலையும் ஒரே காடுதான், நடுவில் ஓர் ஆறு, ஒரு செக்போஸ்ட். இந்தப் பக்கம் போனால் ‘நீவு தமிழ்நாடா’ என்பார்கள், அந்தப் பக்கம் போனால் ‘நீங்க பெங்களூரா’ என்பார்கள். யானைக்கு அந்தத் தொந்தரவு கிடையாது, ராத்திரியில் தாண்டிக்கொண்டு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். அந்தப் பெருமூச்சில் காட்டைவிட வேறு எதுவோ அதிகம் இருந்தது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அதற்குள் அவர் உண்ணிக்குத் திரும்பியிருப்பார்.

பேட்டையில் அவருக்குக் காட்டு நிபுணர் என்று பெயர். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று அவரிடம்தான் வந்து கேட்பார்கள். பரத் என்று ஒரு பையன், திருச்சிக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நண்பர்களோடு பைக்கில் பந்திப்பூர் போகலாமா என்று கேட்டான். தியோடர் அரைமணி நேரம் பேசி, அங்கே மந்தியைத் தவிர ஒன்றும் தென்படாது என்று அடித்துச் சொல்லி அனுப்பினார். அவன் இந்தக் காலத்துப் பிள்ளை, பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே பந்திப்பூர் போனான். சாலை ஓரத்துச் சுவரில் ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்ததைப் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து காட்டினான். தியோடர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். “இது ரோட்டுச் சிறுத்தை” என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் வெகுநாளைக்கு அந்தப் பையனுக்கு ‘பிரதர்’ கிடைக்கவில்லை, பில் மட்டும் கிடைத்தது.

லட்சுமம்மாவுக்கும் இவருக்கும் முகப்பழக்கம் இல்லை. ஏதோ ஒரு வருடம் அறை இருக்கிறதா என்று கேட்கப் போன் செய்தபோது எடுத்தவர் அந்த அம்மாள். அறை இருந்தது. தியோடர் உடனே பேச்சை ஏரிக்கு மாற்றிவிட்டார். அன்றிலிருந்து ஏரி, மழை, தீ, யானை என்று அந்த அம்மாள் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, இவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேச்சு முடியும்போது “யாவாக பர்தீரா சார்?” என்று அவர் கேட்பார். எப்போது வருவீர்கள் என்ற அந்தக் கேள்விக்கு ‘யுகாதி கழித்து’ என்பது நிரந்தரமான பதில். ஒரு வருடம், பெங்களூர் வந்த ஜீப்காரரிடம் அந்த அம்மாள் ஒரு பாட்டில் தேன் கொடுத்தனுப்பியிருந்தார். அதைத் திறக்காமல் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் தியோடர். சில நாட்கள் லைனே கிடைக்காது. மற்ற வாடிக்கையாளர்களுக்கு லைன் கிடைக்காவிட்டால் டெலிபோன் இலாகாவைத் திட்டுகிற மனிதர், இதற்கு மட்டும் முகம் மலர்ந்து வெளியே வருவார். யானை போஸ்ட்டைச் சாய்த்திருக்கும் என்பார். அப்படி ஒரு சந்தோஷத்தை, காட்டுக்குப் போனவர்கள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

போகாததற்கு அவர் சொல்லும் முதல் காரணம் லெந்து நோன்பு. பிரபா சிஸ்டர், அதாவது அவர் மனைவி, சபை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் கறி கிடையாது, சினிமா கிடையாது, உல்லாசப் பயணம் பேச்சுக்கே இடம் கிடையாது. வசந்தமோ ஒவ்வொரு வருடமும் சரியாக அந்த நாட்களுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. போகக்கூடாது, சரி, எங்கே போவது என்று ஆலோசிக்கலாமா கூடாதா என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருமுறை ஆயரிடமே போய்க் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டாராம். தியோடர் விடவில்லை.

“ஆண்டவரே நாப்பது நாள் வனாந்தரத்துலதான இருந்தாரு? காட்டு மிருகங்களோட இருந்தாருன்னு போட்டிருக்கே” என்றார் மனைவியிடம், என் எதிரில்.

“அவரு டிபன் கேரியர் எடுத்துனா போனாரு?” என்றார் பிரபா.

ஆகவே பயணம் ஈஸ்டருக்கு மறுநாள் என்று வருடாவருடம் முடிவாகும். அந்தத் திங்கட்கிழமை வருவதற்குள் ஒரு வருடம் மழை முந்திக்கொள்ளும். ஒரு வருடம் மகளுக்குப் பரீட்சை, ஒரு வருடம் தேர்தல், ஒரு வருடம் எந்தக் காடு என்பதே முடிவாகியிருக்காது. தொப்பி ஆணியிலிருந்து இறங்கி பீரோவுக்குத் திரும்பும். “காடு எங்க பிரதர் ஓடிடப் போவுது” என்பார் தியோடர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் துளியும் இருக்காது. பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்துவிட்டுத் துணி எடுக்காமல் கடையை விட்டு வருகிறவர்களின் களைப்பும் திருப்தியும் இருக்கும்.

தொண்ணூற்று ஏழில்தான் கணக்கு மாறியது. அந்த வருடம் ஈஸ்டர் சீக்கிரம், மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. மழைக்கு இன்னும் நாளிருந்தது. பரீட்சை எழுத வீட்டில் யாரும் இல்லை. மகள் மகா படித்து முடித்து, ஃப்ரேசர் டவுனில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு பஹ்ரைனில் வேலை, கல்யாணம் முடிந்த கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவார். மூன்று பேரும் சேர்ந்து காட்டுக்குப் போவதென்றால் இந்த வசந்தத்தை விட்டால் வேறு வசந்தம் இல்லை. இது பேட்டைக்கே தெரிந்திருந்தது, ஃபேன் புண்ணியத்தில்.

தியோடருக்கும் தெரியாமலில்லை. அதனால் வழக்கத்தைவிட மும்முரமாக ஆலோசித்தார். காலையில் முதுமலை, மத்தியானம் லட்சுமம்மாவிடம் பேசிவிட்டு நாகரஹொளே, சாயங்காலம் எங்கோ தீ என்று எவரோ சொன்னதைக் கேட்டு மறுபடி முதுமலை. குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டது. அன்று ஆராதனை முடிந்து குருத்தோலையும் கையுமாக மகா பூத்துக்கு வந்தாள். நானும் இருந்தேன். மல்லேஸ்வரத்தில் வனத்துறை ஆபீசுக்குப் போய், லட்சுமம்மா சமைக்கிற விடுதியிலேயே ஈஸ்டர் திங்கட்கிழமைக்கு அறை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். கேட்டாளாம், கொடுத்தார்களாம். பக்கத்து வீட்டு ரவியின் வேனையும் சொல்லிவிட்டாளாம்.

தியோடர் இத்தனை வருடம் திறக்காமல் வைத்திருந்த தேன் பாட்டிலை யாரோ திறந்து நக்கிவிட்டதுபோலப் பார்த்தார். பிறகு நிபுணர் குரலில், ஏரி இந்நேரம் வற்றியிருக்கும், யானை வராது, மந்தியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, வசந்தத்தில் அந்தப் பக்கம் போகிறவன் முட்டாள் என்றார். கடைசியில் வழக்கமான வாசகத்துக்கு வந்தார். நிதானமாகப் பார்த்துப் போகலாமே, காடு எங்கே ஓடிவிடப் போகிறது?

“காடு ஓடாதுப்பா” என்றாள் மகா. “நான்தான் போறேன்.”

மகா குருத்தோலையை மேஜைமேல் வைத்தாள். “ஏரில தண்ணி இல்லன்னா பரவால்ல. நாம மூணு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துனு ஒக்காந்திருக்கலாம். அதுக்குத்தான் எடுத்தேன்.”

தியோடர் மீட்டரின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தார். காட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் ஆயிரம் சொல்லியிருப்பார்.

ஈஸ்டர் திங்கட்கிழமை விடியற்காலையில் ரவியின் வேன் பூத் வாசலில் நின்றது. தியோடர் காக்கிச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கழுத்தில் சிவாஜிநகரில் வாங்கிய பைனாகுலரோடு வந்தார். எனக்கே சந்தோஷமாகிவிட்டது. வேனைச் சுற்றி வந்தார். டயரைக் கையால் தட்டிப் பார்த்தார். கருஞ்சிவப்பில் பட்டுப்புடவை கட்டியிருந்த மனைவியிடம், காட்டுக்கு இந்தக் கலரா என்றார். நேற்று ஈஸ்டர், இன்றைக்கு வேறு எதைக் கட்டுவது என்றார் பிரபா. டிபன் கேரியரும் இருந்தது, ஈஸ்டருக்குச் செய்த கேக் ஒரு டின்னில் லட்சுமம்மாவுக்காக இருந்தது. எல்லாவற்றையும் அவரே தூக்கி ஏற்றினார். எல்லாரும் உட்கார்ந்த பிறகு கதவில் கை வைத்தபடி அப்படியே நின்றார்.

“பூத்த யாரு பாக்கறது?” என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அது உண்மையில்லை, எத்தனையோ நாள் அவர் டீ குடிக்கப் போனபோது நான் பார்த்திருக்கிறேன். பண்டிகைக்கு மறுநாள், ஜனங்கள் ஊருக்குப் பேச வருவார்கள், பூட்டிக் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்று அடுக்கினார். மகா கையை நீட்டினாள். அவர் பைனாகுலரைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். பிரபா மட்டும் ஜன்னல் வழியாக, சோறு குக்கரில் இருக்கிறது, ரசத்தைச் சுட வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனையோ வருடம் குடித்தனம் நடத்திய களைப்பு அந்தக் குரலில் இருந்தது. வேன் திரும்பி மறையும் வரை அவர் அங்கேயே நின்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை மறைக்காமல் சொல்கிறேன், அன்று காலை அவரைப் பிடித்து வேனுக்குள் தள்ளியிருக்கலாம் என்றிருந்தது.

காட்டுக்குள் என்னவோ இருக்கும் என்று தினம் நினைக்கிற மனிதருக்கு, அங்கே போய் அது இல்லை என்று தெரிந்துவிட்டால் அப்புறம் ஆணியில் தொப்பியை எதற்காக மாட்டுவது? நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அவரைக் கேட்டால் உண்ணி என்பார்.

சாயங்காலம் நான் பூத்துக்குப் போனபோது வாசலில் நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கூண்டின் கதவில் ‘ரிப்பேர்’ என்ற அட்டை தொங்கியது. காலையிலிருந்தே தொங்குகிறதாம். ஜனங்கள் ஊருக்குப் பேச வருவார்களே என்பதற்காகக் காட்டுக்குப் போகாத மனிதர், வந்தவர்களையெல்லாம் லைன் இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. கூண்டுக்குள் அந்த ரிப்பேரான போனுக்கு எதிரே, தலைக்குமேல் ஃபேன் இரைய, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நான் இடுக்கில் நின்றேன், அவர் போகச் சொல்லவில்லை.

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் போன் அடித்தது. இரண்டாவது மணி அடிக்க அவர் விடவில்லை.

முதலில் பேசியது லட்சுமம்மா. வேன் வந்ததும் ஒவ்வொருவராக இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் வண்டிக்குள் எட்டியும் பார்த்தாராம். “நீவு பரலில்வா சார்?” என்று அந்த அம்மாள் கேட்டது, ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. நீங்கள் வரவில்லையா என்ற கேள்விக்கு, யுகாதி கழித்து வருகிறேன் என்று தியோடர் சொல்லவில்லை. மடியிலிருந்த தொப்பியை ஒருமுறை திருப்பி வைத்தார். பிறகு, “கெரேலி நீரு இதெயா?” என்றார்.

ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு பழைய வெளிச்சம் வந்தது. என் பக்கம் திரும்பி, “சொன்னேனா இல்லையா பிரதர்?” என்றார். போனில் இதற்குள் மகா வந்திருந்தாள். நான் அப்பவே சொன்னேன் என்று அவளிடமும் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் வேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். “எத்தினி?” என்றார். “குட்டியுமா?” என்றார். அப்புறம் கேட்டதை எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார். வற்றிப்போன ஏரிக்குள் யானைகள் இறங்கி, காலால் மண்ணைத் தோண்டுகின்றனவாம், அடியில் ஊறுகிற தண்ணீருக்காக. சமையலறை ஜன்னலில் நின்றால் தெரிகிறதாம். பிரபா பட்டுப்புடவையோடு அசையாமல் நிற்கிறாராம், கூப்பிட்டாலும் திரும்புவதில்லையாம்.

“உங்கம்மா பக்கத்துல போயி நில்லு” என்றார் மகளிடம். “ஒயரு எட்டுமா? எட்டுச்சுன்னா ரிசீவர வெளிய நீட்டு. பேசாத, வெறுமன நீட்டு.”

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். போன்தான் வேலை செய்கிறதே, அப்புறம் என்ன ரிப்பேர் என்று தங்கவயல் அம்மாள் வெளியிலிருந்து சத்தம் போட்டார். தியோடர் திரும்பவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி எழுந்து நின்று, மறு கையை மேலே நீட்டி, ஃபேனை நிறுத்தினார்.